ஒன்பதின் பெறுமதி

2022 மார்ச். இரத்மலானையில் கரண்ட் இல்லாத இரவுகளில்தான் காட்ஸ் பழகினேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிளும் அன்ரியும் வருவினம். ஒரு ஆட்டம் ஓமி, அடுத்தது அப்பாவின் 304. இரண்டுக்கும் அதே 32 காட்ஸ்தான். ஓமியில் ஆஸ் பெரிசு. 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11.

வெளிநாடு போகப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தில் என் ஜோடி அவர்தான். ஒருநாள் ஓமி ஞாபகத்தில், எதிர்ப்பக்கம் வெல்லும் சுற்றில் ஒன்பதைப் போட்டுவிட்டேன்.

"முதல்ல என்ன ஆட்டமெண்டு பார். பிறகு காட்ஸைப் பார்."

கன நாளைக்குப் பிறகு அப்பா பேசியது அதுதான்.

இப்போது டோஹாவில், அறையில் மலையாளிகளோடு 28 விளையாடுகிறேன். அதிலும் ஜாக்குக்கு அடுத்தது ஒன்பதுதான். கேட்டுவிட்டுத்தான் இருந்தேன்.