பெயர் சுட்டாத பாடல்கள்

ஒரு பாடல் பிறந்து பல்லாண்டுகள் கழிந்தபின் அதற்கென ஒரு கதை புனையப்படும்போது, பாடலில் மாறுவது எது? சொற்கள் மாறுவதில்லை. மெட்டும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறுவதில்லை. அதில் வரும் 'நான்' யார், 'நீ' யார் என்பதுதான் மாறுகிறது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக் கொண்டு எடுக்கப்பட்ட இரண்டு திரைப்படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலாவது, மைக்கேல் ஷுல்ட்ஸ் இயக்கத்தில் 1978இல் வெளிவந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. பீ ஜீஸ் குழுவினரும் பீட்டர் ஃபிராம்ப்டனும் நடித்த இப்படத்தில் பாத்திரங்களுக்கு உரையாடல் கிடையாது. ஜார்ஜ் பர்ன்ஸ் கதை சொல்ல, மற்றவர்கள் பாடுவர். பில்லி ஷியர்ஸ், ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ், மஸ்டர்ட், கைட் எனப் பாடல்களில் வந்த பெயர்களே பாத்திரங்களாயின. பெயர்களைக் கோத்தால் கதை கிடைத்துவிடும் என்று நம்பிய படம் அது. புகழ்பெற்ற பாடல்களும் புகழ்பெற்ற பாடகர்களும் இருந்தும் விமர்சகர்கள் அதை ஏற்கவில்லை.

இரண்டாவது, ஜூலி டேமரின் 'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' (2007). முப்பதுக்கும் மேற்பட்ட பீட்டில்ஸ் பாடல்கள் இதில் உண்டு. இதிலும் ஜூட், லூசி, புரூடன்ஸ் எனப் பெயர்கள் பாடல்களிலிருந்து வந்தவையே. ஆயினும் படத்தின் உயிர் அப்பெயர்களில் இல்லை. 1963இல் வெளிவந்த 'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' துள்ளலான காதல் பாட்டு. பாடியவர்கள் இளைஞர்கள், கேட்டுக் கூவியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். டேமரின் படத்தில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்று அதைப் பாடுபவள் புரூடன்ஸ் என்னும் மாணவி. அவள் பார்வை செல்வது இன்னொரு மாணவியை நோக்கி. வேகம் தளர்த்தப்பட்டிருக்கிறது, சொற்கள் அவையே. கையைப் பற்ற வேண்டும் என்னும் எளிய விருப்பம், வாய்விட்டுச் சொல்ல இயலாதவளின் வாயில் வந்ததும் வேறொரு கனம் பெறுகிறது. தனக்கென ஒரு பாடலும் எழுதப்படாத ஒருத்திக்கு, ஊரே அறிந்த பாடலின் 'நான்' இடம் கொடுக்கிறது.

'ஐ வாண்ட் யூ' பாடலுக்கு நேர்வது இதன் மறுதலை. 1969இல் லெனன் யோகோ ஓனோவை எண்ணி எழுதிய அதனைப் படத்தில் பாடுவது படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் உள்ள அங்கிள் சாம். ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் 1917இல் வரைந்த அந்தச் சுவரொட்டியின் வாசகமும் அதே மூன்று சொற்கள்தாம். காதலியை விரும்பிய 'நான்' இப்போது ஓர் அரசு. விரும்பப்படும் 'நீ' வியத்நாமுக்கு அனுப்பப்படவிருக்கும் இளைஞன். பாடலின் பிற்பகுதியில் காதலின் பாரத்தைச் சொல்லும் சொல் வரும்போது, வீரர்கள் சுதந்திர தேவியின் சிலையைத் தோளில் சுமந்து நடக்கின்றனர்.

இவ்வகைச் சொற்களுக்கு யெஸ்பர்சன் 'ஷிஃப்டர்' என்று பெயரிட்டார்; யாக்கப்சன் அக்கருத்தை விரித்தார். 'நான்' என்பதற்கு நிலையான பொருள் இல்லை. யார் சொல்கிறாரோ அவரே அதன் பொருள். பெயர் அப்படிப்பட்டதன்று. ஒரு பெயர் தன் பழைய உறவுகளை இழுத்துக்கொண்டே வரும். 'டியர் புரூடன்ஸ்' 1968இல் ரிஷிகேசத்தில் அறையை விட்டு வெளிவராமல் தியானத்தில் ஆழ்ந்திருந்த புரூடன்ஸ் ஃபாரோவுக்காக எழுதப்பட்டது. டேமரின் படத்திலும் அந்தப் பாடல் இடம்பெற வேண்டுமானால் புரூடன்ஸ் என்றொருத்தி இருக்க வேண்டியிருக்கிறது. அவள் கதவைத் தாழிட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அங்கே கதை பாடலுக்கு அடிமை.

இந்த வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. அன்பின் ஐந்திணைப் பாடல்களில் எவரையும் இயற்பெயர் சுட்டிப் பாடுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சுட்டினால் பாடல் அகத்தின் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே அகப்பாடலில் இருப்போர் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போரே. இன்னார் கூற்று, இன்ன சூழலில் சொன்னது என்னும் குறிப்புகள் பாடலுக்குள் இல்லை. பாடலின் கீழே பிற்காலத்தார் எழுதிச் சேர்த்தவை அவை. சில பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களும் தரப்பட்டுள்ளன: தலைவி சொன்னது என்று எழுதிவிட்டு, தோழி சொன்னதாகவும் கொள்ளலாம் என்பர். டேமர் செய்திருப்பதும் இதே பணி. ஏற்கெனவே இருக்கும் பாடல்களுக்கு அவர் கூற்றும் துறையும் எழுதியிருக்கிறார். 1978ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தோர் கொளு எழுதவில்லை, பெயர்ப்பட்டியல் தயாரித்தனர்.

தமிழ்த் திரையில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பாரதியின் பாடல்களைக் கொண்ட 'கப்பலோட்டிய தமிழன்' (1961). பாரதி மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த அப்படத்தில், கண்ணம்மாவை நோக்கி ஒரு காதலன் சொல்வதாக அமைந்த 'காற்று வெளியிடைக் கண்ணம்மா', பி.பி. ஸ்ரீனிவாசும் பி. சுசீலாவும் பாடும் இருகுரல் பாட்டாயிற்று. தமிழின் தன்மை வினையில் பால் காட்டும் விகுதி இல்லாமையால் இது கூடியது. 'களிக்கின்றேன்' என்பவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். 'வந்தான்', 'வந்தாள்' என்று படர்க்கைக்கு நகர்ந்தால் அந்த வாசல் மூடிவிடும். கதைச் சூழலைச் சொல்லி அதற்கேற்ப எழுதி வாங்கும் திரைப்பாடல்களுள் பல இவ்வாறு மூடியே பிறக்கின்றன. டேட்டனின் புரூடன்ஸைப் போன்றவள் தமிழில் ஒரு பழைய பாடலைக் கடன் வாங்க விரும்பினால், 'அவன்' வராத பாடலாகத் தேட வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் நின்று பார்த்தால் இதே கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. இந்நகரில் சமஸ்கிருதக் கல்லூரியிலும் மகாராஜா கல்லூரியிலும் பணியாற்றிய ஏ.ஆர். ராஜராஜவர்மா, 1896இல் வெளியிட்ட 'கேரள பாணினீய'த்தில் மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக்காட்டும் ஆறு நயங்களைக் கூறினார். அவற்றுள் ஒன்று, வினைமுற்று இடத்தையும் பாலையும் காட்டும் விகுதிகளை இழந்தமை. மலையாள வினை யார் வந்தாலும் ஒரே வடிவில் நிற்கும். எழுவாயை விட்டுவிட்டால், வந்தவர் யார் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 'அவன்', 'அவள்' என்னும் பெயர்கள் அம்மொழியிலும் உண்டு என்றாலும், பாடலை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாற்றுவதற்கு மலையாள இலக்கணம் தரும் இடம் தமிழினும் பெரிது.

இடம் பெரிதாக இருந்தும் அதைப் படங்கள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. லெனின் ராஜேந்திரனின் 'சுவாதித் திருநாள்' (1987) திருவிதாங்கூர் மன்னரின் வாழ்க்கையை எம்.பி. ஸ்ரீநிவாசனின் இசையில், மன்னரின் உருப்படிகளைக் கொண்டே சொல்கிறது. அரசர் இயற்றிய பதங்கள் பல நாயகியின் கூற்றாக அமைந்தவை. அவளுக்குப் பெயர் கிடையாது. வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் அமையும்போது அவள் துயரின்மேல் அரசரின் துயர் படிகிறது. குயீன் குழுவைப் பற்றிய 'பொஹீமியன் ராப்சடி' (2018) தன் பாடல்களுக்குச் செய்ததும் இதுவே: ஒவ்வொரு பாடலும் பாடியவரின் வாழ்வுக்குச் சான்றாயிற்று. இலக்கண மொழியில் சொன்னால், பெயர் ஏறியதும் அகம் புறமாகிறது. அவ்வாறு எடுக்கப்பட்ட படம் சிறந்த படமாக இருக்கலாம். ஆனால் அதன்பின் அந்தப் பாடலை வேறொருவர் தமதாக்கிக்கொள்வது கடினம்.

இந்நகரில் வேர்கொண்ட ராக் குழுவான அவியல், தன் முதல் இசைத்தொகுப்பை 2008இல் வெளியிட்டது. 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அக்குழுவின் 'ஆனக்கள்ளன்' ஒலித்தது. முதல் தொகுப்பில் உள்ள 'ஆடு பாம்பே'யின் சொற்கள், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. குருவின் பாட்டுக்குப் பின்னால் நிற்பவர் பாம்பாட்டிச் சித்தர். சித்தரிடமிருந்து குருவுக்கும், குருவிடமிருந்து மின்கித்தாருக்கும் அந்த விளி சேதமின்றி வந்து சேர்ந்ததற்கு இலக்கணக் காரணமும் ஒன்றுண்டு. 'ஆடு' என்னும் ஏவல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. அதில் பால் இல்லை, சொல்பவரின் அடையாளமும் இல்லை. பாம்பு உள்ளே உறங்கும் ஆற்றலைக் குறிப்பதால், பெயர் போல ஓர் ஆளோடு கட்டுண்டதும் அன்று.

இனி ஒருவர் அந்தப் பாடலை ஒரு கதைக்குள் வைக்க முற்பட்டால், பாம்பு எது என்று விளக்கும் வேலை அவருக்கு இல்லை. சித்தர் மரபு அதை முன்பே செய்துவிட்டது. ஆடு என்று சொல்பவர் யார் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தால் போதும்.