மரை

யாரையாவது “மரை கழண்ட கேஸ்” என்று சொல்லக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். மரையைக் கையால் அறிந்தவள் நான். கோவையில் ஒரு வார்ப்பாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஏழு வருடம் மெழுகு அறையில், மிச்சம் நான்கு வருடம் மரை போடும் இடத்தில்.

அங்கே வால்வு, பம்பு உருப்படிகள் எல்லாம் முதலில் மெழுகில்தான் பிறக்கும். அச்சிலிருந்து எடுத்த மெழுகின் பிசிறைக் கத்தியால் சீவி, கிளை கிளையாக ஒரு தண்டில் ஒட்டுவோம். அதைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவிக் காயவைத்து, அடுக்கடுக்காகக் கூடு கட்டுவார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, கூட்டைச் சுட்டு, உருகிய எஃகை ஊற்றுவார்கள். மெழுகு அறையில் எல்லோரும் பெண்கள். சூளையிலும் மரை போடும் இடத்திலும் எல்லோரும் ஆண்கள்.

பருமனான மரையை மெழுகிலேயே வைத்து வார்த்துவிடலாம். நுண்ணிய மரை அப்படி நிற்காது. மெழுகும் சுருங்கும், எஃகும் சுருங்கும். மரைப் பள்ளத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால், வார்ப்பில் அது உலோக மணியாகிவிடும், போல்ட் ஏறாது. அதனால் வார்த்தபின் டேப் போட்டு வெட்டுவார்கள். எம்10 சாதா மரைக்கு 8.5 மி.மீ. துளை.

“டேப் போடக் கைபலம் வேணும் அம்மணி, நீ மெழுகையே பாரு” என்றார் சூப்பர்வைசர். ஆள் பற்றாமல் ஆர்டர் நெருக்கிய ஒரு மாதத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பலத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டேப் வெட்டாமல் உரசிக்கொண்டிருந்தால் அந்த இடம் இன்னும் இறுகிவிடும். முறுக்கினால் டேப் துளைக்குள்ளேயே ஒடியும். எண்ணெய் விட்டு, நேராகப் பிடித்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பிச் சுருளை உடைக்க வேண்டும். கனம் கூடுவது கைக்குத் தெரிய வேண்டும். மெழுகைச் சீவும்போது என் கை ஏழு வருடமாகப் பழகியதும் இதைத்தான்.

ஆனால் அங்கே அதற்குப் பெயர் “பொம்பளைங்க பொறுமை”. இங்கே அதற்குப் பெயர் “தொழில் திறமை”. பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி தர வேண்டியதில்லை அல்லவா?

1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. ஆலை அதை மீறியதாகக் காட்டுவது கடினம். மெழுகுக்காரி ‘ஹெல்பர்’, டேப் போடுபவர் ‘ஆபரேட்டர்’. பெயரே வேறு, வேலையே வேறு என்று சொல்லிவிடுவார்கள். நானும் டேப் போட்டபடியே ஒரு வருடம் சம்பளச் சீட்டில் ஹெல்பராகத்தான் இருந்தேன். மாதாமாதம் சீட்டோடு போய் நின்று கேட்டபிறகே ‘ஆபரேட்டர்’ என்று மாற்றினார்கள்.

“ஆம்பள வேலை பார்க்கிற புள்ள” என்று அதன்பின் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். நான் ஒருத்தி இடம் மாறியதால் மெழுகு அறையில் யாருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை. அந்த அறையில் ஒருத்தியின் கத்தி அரை மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் வால்வின் மூடி சரியாக உட்காராது. அந்தக் கைகளுக்கும் ‘ஆபரேட்டர்’ என்றே எழுத வேண்டும், அதற்குரிய கூலியோடு.