பிடியரிசி

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது என் நினைவில் முதலில் எழுந்தது, எங்கள் வீட்டுச் சமையலறையில் இன்றும் இருக்கும் ஒரு மண்கலயம். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ இல்லங்களில் வளர்ந்தோர் அதனை அறிவர். உலைக்கு அரிசி அளந்தவுடன், களைவதற்கு முன்பே, ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் இடுவார்கள். சேர்ந்த அரிசி ஆலயத்திற்குக் காணிக்கையாகச் செல்லும். மடங்களுக்கும் கோயில்களுக்கும் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இந்துச் சகோதரர் இல்லங்களிலும் உண்டு. மிசோரத்துத் திருச்சபைகளில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய 'புஃபாய் தாம்' என்பதும் இதே கைப்பிடி அரிசிதான். ஏழைப் பெண்களின் பிடிகளால் அங்கே பெரும் பணிகள் நடைபெறுகின்றன.

நன்றியென்பது உள்ளம் நிறைந்தபோது தானே பொங்கும் உணர்ச்சி என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் தாயார் உணர்ச்சிக்காகக் காத்திருந்ததில்லை. காய்ச்சல் கண்ட நாளிலும், கண்ணீர் விட்ட நாளிலும், அவர் கை கலயத்தை நாடியது. அதன் பொருள் விளங்க எனக்கு ஒரு துன்பக் காலம் வேண்டியிருந்தது.

பிழைப்பு நாடி அந்நாளைய பம்பாய்க்கு வந்து, ஒரு பஞ்சாலையில் வேலையில் அமர்ந்தேன். மணமாகி வந்த என் மனைவி, சீதனப் பாத்திரங்களோடு ஒரு கலயத்தையும் கொண்டு வந்தாள். 1982 ஜனவரி 18ஆம் நாள் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வெளியே நின்றோம். ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள். ஓராண்டு கடந்தும் முடியவில்லை. வாடகை நின்றது, நகை அடகுக்குப் போயிற்று. பக்கத்துச் சிற்றுண்டிக் கடைக்கு மாவரைத்துக் கொடுத்து மனைவி ஈட்டியதே எங்கள் வருவாய்.

ஒருநாள் மாலை, இருந்த சிறிதளவு ரேஷன் அரிசியிலிருந்தும் அவள் ஒரு பிடியை எடுப்பதைக் கண்டேன். எனக்குச் சினம் மூண்டது. "பிள்ளைகளுக்கே போதாதபோது கடவுளுக்கு என்ன பங்கு?" என்று கலயத்தைப் பற்றினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "இல்லாத நாளில் நிறுத்திவிட்டால், இருந்த நாளில் போட்டதெல்லாம் வெறும் மிச்சம் என்றல்லவா ஆகிவிடும்?" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அந்த ஞாயிறன்று ஆலயத்தில் சேர்ந்த அரிசியைப் பையிலிட்டு, அடுத்த சந்திலிருந்த ஒரு வீட்டுக்குக் கொண்டு செல்லுமாறு போதகர் என்னிடம் தந்தார். அங்கே அடுப்புச் சாம்பல் குளிர்ந்திருந்தது. பையை வாங்கிய மூதாட்டி என் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றுமில்லாதவன் என்று என்னை நானே எண்ணியிருந்தேன்; கொடுப்பவனாக அவ்வாசலில் நின்றேன். அப்பையில் எங்கள் வீட்டுப் பிடியும் இருந்தது.

என் பழைய வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நன்றி சொன்னதால் கதவுகள் திறந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். துன்பத்துக்காக நன்றி சொல்லவும் நான் இன்னும் கற்கவில்லை. துன்பத்தின் நடுவில் நின்று நன்றி சொல்லும் பழக்கம் மட்டும் கைவந்தது. அது கடவுளோடு செய்யும் பேரமன்று. இழந்ததையே எண்ணிக்கொண்டிருக்கும் கண்ணை எஞ்சியதன்மேல் திருப்பும் பயிற்சி.

அக்காலத்தில்தான் இரவு ஜெபத்தில் ஒரு விதியை வகுத்தோம். ஒவ்வொருவரும் அன்று பெற்ற நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதைச் சொல்லலாகாது. முதலில் பிள்ளைகள் திணறினார்கள். பிறகு, "இன்று குழாயில் தண்ணீர் சிறிது நேரம் கூடுதலாக வந்தது" என்றான் மகன். "மராத்திக்காரப் பாட்டி எனக்குப் பொட்டுக்கடலை தந்தார்" என்றாள் மகள். சொல்வதற்காகவே பகலெல்லாம் தேடினார்கள், தேடியதால் கண்டார்கள்.

லூக்கா எழுதிய நற்செய்தியில், குணமடைந்த தொழுநோயாளர் பதின்மரில் ஒருவன் மட்டுமே நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். அவன் சமாரியன், அம்மண்ணின் மக்களால் அந்நியனாக எண்ணப்பட்டவன். சொந்த ஊரில் நீரும் நிழலும் அண்டை வீட்டாரின் அன்பும் நமக்கு உரிமைகளாகத் தோன்றுகின்றன. அயலூரிலோ, இரயிலில் நகர்ந்து இடம் தரும் ஒருவரும், கடைத்தெருவில் காதில் விழும் ஒரு தமிழ்ச் சொல்லும் கொடைகளாகின்றன. ஊர்விட்டு வந்த நமக்கு அந்தச் சமாரியனின் கண் வாய்த்திருக்கிறது. அதனைப் பழக்கத்தால் காத்துக்கொள்ளாவிடில், ஊர் பழகியவுடன் அதுவும் மங்கிவிடும்.

என் மனைவி இறைவனடி சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நானே சமைக்கிறேன். பிடியையும் நானே எடுக்கிறேன். முதல் நாள் கை கலயத்துக்குப் போக மறுத்தது. என்ன நன்மைக்காக என்று மனம் கேட்டது. அவளோடு வாழ்ந்த ஆண்டுகளுக்காக என்று சொல்லிக்கொண்டு இட்டேன். இன்று காலையும் இட்டேன்.