பிறந்தால், பிறந்ததால்

ஆய்வேட்டில் நிபந்தனைத் தொடர்கள் பற்றிய இயலை எழுதிக் களைக்கும் இரவுகளில் நான் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ விளையாடுவதை நண்பர்கள் அறிவர். விளையாடுவதைக் காட்டிலும் அதன் நிகழ்வுக் கோப்புகளைத் திறந்து படிப்பதே மிகுதி. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் வரலாற்று நிகழ்வுகள், எவரும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்புகளாகவே உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனைப் பட்டியல்: இன்ன நாடு, இன்ன காலத்துக்குள், இன்ன நிலையில் இருந்தால் இது நிகழலாம்.

2001இல் வந்த இரண்டாம் பதிப்பு இவ்வளவு நயம் பார்க்கவில்லை. அதில் பல நிகழ்வுகள் நாட்காட்டியோடு கட்டப்பட்டிருந்தன. உலகமே வேறாகியிருந்தாலும், குறித்த காலத்தில் குறித்த நாட்டின் வாசலில் வந்து நிற்கும். அது ‘ஆனாலும்’ இலக்கணம். நான்காம் பதிப்பினது ‘ஆனால்’ இலக்கணம்.

ரோஜாப் போர்களை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு தொடங்கும் 11 நவம்பர் 1444 அன்று இங்கிலாந்தின் அரியணையில் இருப்பவர் ஆறாம் ஹென்றி. அவருக்கு வாரிசு இல்லை. உள்நாட்டுப் போருக்கான நிபந்தனைகளுள் தலையாயது அதுவே. ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர் இளவரசனின் பிறப்பை எதிர்நோக்கியிருப்பார். பிறந்தால் போர் மூளாது.

மெய்யான வரலாற்றில் இளவரசன் எட்வர்ட் 13 அக்டோபர் 1453 அன்று பிறந்தான். மன்னர் அப்போது சித்தம் மயங்கிக் கிடந்தார். தம் மகனை அறிந்துகொள்ளும் நிலையில்கூட இல்லை. பத்தொன்பது மாதங்கள் கழித்து, 22 மே 1455 அன்று, செயின்ட் ஆல்பன்ஸில் முதற்போர். வாரிசு இருந்தும் மூண்டது. இன்னும் கூர்ந்து நோக்கினால், அதுவரை அரியணைக்கு அடுத்த உரிமையாளராகக் கருதப்பட்டவர் யார்க் கோமகன் ரிச்சர்ட். அவரை அவ்விடத்திலிருந்து அகற்றியது அக்குழந்தையின் பிறப்பு. ஆகவே, பிறந்ததால் மூண்டது என்று வாதிடவும் இடமுண்டு.

பிறந்தால், பிறந்ததால்: இடையில் நிற்பது ஒற்றைத் தகரம். முன்னது நிபந்தனை, பின்னது காரணம். விளையாட்டு நிரலுக்கு முன்னது போதும்; வரலாற்று நூல்களுக்கோ பின்னதே பழக்கம். முடிவை அறிந்தபின் ‘மன்னர் நோயுற்றதால் போர் மூண்டது’ என்று எழுதுவது எளிது. அதையே ‘மன்னர் நோயுற்றால் போர் மூளும்’ என்று மாற்றிப் பாருங்கள். எவரும் கையொப்பமிடத் தயங்குவர். வரலாற்றுக் கட்டுரைகளைப் படிக்கையில் இச்சோதனையை இப்போது வழக்கமாகவே செய்கிறேன். தேறாத தொடர்கள் பல. அவற்றுள் சில மிகவும் புகழ்பெற்றவை.

விளையாட்டை ஆக்கியோரைக் குறைகூற மனமில்லை. தம் காரண விளக்கத்தை நிபந்தனையாக எழுதி, எவரும் சரிபார்க்கும்படி வெளியில் வைத்திருக்கிறார்களே! அக்கோப்பைத் திருத்தவும் வழியுண்டு. ‘வாரிசு பிறந்து, மன்னர் செயலற்றிருந்தால்’ என்று நானே மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். யார்க் கோமகனின் ஏமாற்றத்துக்கு எந்த எண்ணை இடுவது என்ற வரி மட்டும் இன்னும் வெற்றாக உள்ளது.