ஒற்றைக் கேம் வில்லும் புதிய வில்லும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தவரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்லின் சரித்திரத்தில், 1990-களின் முற்பகுதியில் மாட் மெக்ஃபெர்சன் பிரபலமாக்கிய ஒற்றைக் கேம் அமைப்பைப்போல் எளிமையாலேயே மனத்தைக் கவர்ந்தது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். வில்லின் இரு முனைகளிலும் கேம்கள், அதாவது நாண் சுற்றும் ஒழுங்கற்ற வடிவச் சக்கரங்கள், இருக்குமாயின் அவை ஒரே கணத்தில் ஒத்துச் சுழலவேண்டும்; கேபிள் சற்றே நீண்டாலும் அந்த ஒத்திசைவு குலைந்து அம்பு மேலும் கீழுமாய் விலகும். கீழே ஒரு கேமும் மேலே வெறும் வட்டச் சக்கரமும் வைத்த மாத்திரத்தில், ஒத்துச் சுழலவேண்டிய ஜோடியே இல்லாமற்போயிற்று. அதன் மிக நீண்ட நாண் தளர்ந்து தரும் உபத்திரவம் வேறு விஷயம்.

ஆயினும், 60 பவுண்டுக்கு மேற்படாத இழுவிசையோடு 50 மீட்டர் தொலைவில் எய்யும் சர்வதேசப் போட்டிகளில், வேகத்தைக் காட்டிலும், நாணை இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையின் அதே இடத்தில் வந்து நிற்பதே பிரதானம். அதற்கு இழுப்பு நீளம் எய்பவரின் உடலுக்குத் துல்லியமாய்ப் பொருந்தவேண்டும். ஒற்றைக் கேம் உள்ளிட்ட பழைய வில்கள் பலவற்றில் அரை அங்குல மாற்றத்துக்கும் வேறு கேம் வாங்கி, பிரஸ்ஸில் வில்லை அழுத்தி, நாணைக் கழற்ற நேரும். இன்றைய வில்கள் பலவற்றில், கேமிலுள்ள மாட்யூலின் திருகுகளைத் தளர்த்தி அடுத்த நிலைக்கு நகர்த்தினால் போதும். வளரும் பிள்ளையின் சட்டைக்கு உள்மடிப்பு விட்டுத் தைக்கும் முன்யோசனை அது. வேகப்பித்தர்கள் முணுமுணுக்கட்டும்.

வளரும் மாணவருக்குப் புதியதையே வாங்குங்கள். இழுப்பு நீளம் நிலைத்துவிட்டவர்கள், நல்ல பழைய வில் கையிலிருந்தால், நாணையும் கேபிளையும் புதுப்பித்துக்கொண்டு மீதிப் பணத்தை நல்ல அம்புகளுக்குச் செலவிடுங்கள்.