திண்ணைச் சார்ப்புக்கு முட்டு

ஆனி 29, லால்குடி

ஆசாரி திருப்புளியால் மூலைத்தூணின் அடியைக் குத்தினார். பாதி உள்ளே போய்விட்டது. மேலே நல்ல தேக்கு, தட்டினால் கணீரென்கிறது. அடியில் மட்டும் கரையான். பழி கரையான்மேல் விழுந்தாலும் வினை சிமெண்டுடையது. அந்தக் காலத்தில் தூண் நிற்கும் கல் தரைக்கு மேல் நான்கு விரல் எழும்பி நிற்கும். பிற்பாடு திண்ணைக்குச் சிவப்புச் சிமெண்ட் பூசியவர்கள் கல்லையும் சேர்த்து மூடிவிட்டார்கள். சாரல் தண்ணீர் வடிய வழியில்லாமல் மரத்திலேயே ஊறியிருக்கிறது.

ஆடி 2

"ஆடியில் வீட்டில் கை வைக்கலாமாடா?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை போன். புதுசாகக் கட்டினால்தான் அதெல்லாம், இது வைத்தியம் என்று சமாளித்தேன். ஐப்பசி அடைமழைக்கு முன் முடித்தாக வேண்டுமே.

உத்தரத்துக்கு அடியில், தூணுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி இரண்டு சவுக்குக் கட்டை. திண்ணைக்குள் வெறும் மண் நிரப்பல். கட்டையை நேரே நிறுத்தினால் பாரம் ஒரே இடத்தில் இறங்கிப் புதைந்துவிடும். அதனால் அடியில் அகலப் பலகை. கட்டைக்கும் பலகைக்கும் நடுவே எதிரெதிராக ஒரு ஜோடி ஆப்பு. இரண்டையும் மாறி மாறி, பூப்போலத் தட்டினார். உத்தரத்தைத் தூக்கவே கூடாதாம்; தூணின் பாரத்தைக் கட்டை வாங்கிக்கொண்டால் போதும். காலங்காலமாகத் தொய்ந்து பழகிய கூரையை ஒரே நாளில் நிமிர்த்தினால் ஓடு வெடிக்கும், பொருத்துகள் விட்டுப்போகும்.

ஆடி 5

பாரம் குறையட்டும் என்று சார்ப்பு ஓடுகளை இறக்கியாயிற்று. மங்களூர் ஓடு; 1865-ல் பாசல் மிஷன் அங்கே ஆலை வைத்துச் சுடத் தொடங்கிய ரகம். ஆணி கிடையாது. பின்பக்க மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொள்ள, தன் கனத்திலேயே உட்காரும். மழைக்கு மறைப்பாகத் தார்ப்பாய் விரித்ததும் எனக்கு நிம்மதி. ஆசாரிக்குக் கவலையே அப்போதுதான் வந்தது.

"சார், இதுவரைக்கும் விழுந்துடுமோன்னு பாத்தோம். இனிமே பறந்துடுமோன்னு பாக்கணும்."

கொள்ளிடத்துப் பக்கமிருந்து வரும் ஆடிக்காற்று வெளியே நீட்டிய சார்ப்பின் அடியில் புகுந்து மேலே நெம்பும். ஓட்டின் கனம்தான் இத்தனை நாள் அதை அமுக்கி வைத்திருந்தது. தார்ப்பாய்க்கு ஏது கனம்? முட்டுக்கட்டை தாங்குமே தவிர இழுத்துப் பிடிக்காது. உத்தரம் ஒரு விரற்கடை எழும்பினாலும் ஆப்பு தளர்ந்து கட்டை சாய்ந்துவிடும். கைமரங்களை உத்தரத்தோடு கட்டி, அங்கிருந்து கயிறு இறக்கி மணல் மூட்டைகளில் முடிந்தார். கட்டைகள் ஆடாமல் குறுக்கே பெருக்கல் குறியாக இரண்டு சட்டம். இரவு தார்ப்பாய் படபடத்துக்கொண்டே இருந்தது, உத்தரம் அசையவில்லை.

ஆடி 20

பதினெட்டாம் பெருக்குக்கு வேலை நின்றது. இன்று தூணின் செத்த அடியை அறுத்து எறிந்து, அந்த உயரத்துக்குக் கருங்கல் பாதம் வைத்தார். இனி மரத்துக்குத் தரையோடு சங்காத்தமே இல்லை. ஆப்புகளை அடித்தது போலவே மெதுவாகத் தளர்த்தினார். சுவருக்குச் சுவர் கட்டியிருந்த நூலுக்கும் உத்தரத்துக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை.

கட்டையை வாடகைக்குக் கொடுத்தவர் ஆள் அனுப்பிவிட்டார். ஓடு ஏறி, ஒரு நல்ல காற்றும் அடித்து ஓயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் ஆசாரி. வாடகை என் தலையில்.