பெயரிலேயே கொலையாளி

கொலைக் கதைக்கு ஒரு விதி உண்டு. கொன்றது யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை மூச்சு விடக் கூடாது. ஹைதராபாத்தில் தயாரான ஒரு கம்ப்யூட்டர் கேம் இந்த விதியைத் தன் தலைப்பிலேயே மீறியது. கேமின் பெயர் 'கஜினி'. கொலையாளியின் பெயரும் கஜினி.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. 2005இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய படத்தில் வில்லனின் பெயர் லட்சுமணன். தோற்றாலும் விடாமல் திரும்பத் திரும்ப மோதும் சூர்யாவின் பிடிவாதத்துக்குத்தான் கஜினி முகமதுவின் பெயர் பட்டமாகப் போனது. 2008 டிசம்பர் 25 அன்று ஆமிர்கான் நடித்து இந்தியில் வந்தபோது அந்தப் பட்டம் இடம் மாறி வில்லனின் தலையில் ஏறிவிட்டது. இந்திப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஹைதராபாத்தின் அல்லு அரவிந்த். படத்தை ஒட்டி வந்த கேமை உருவாக்கியதும் அதே ஊரின் எஃப்எக்ஸ்லேப்ஸ் நிறுவனம். ஈராஸ் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

துணிச்சலான காரியம், சந்தேகமில்லை. அந்தக் காலத்தில் இந்திய ஸ்டுடியோக்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கூலி வேலை. வெளிநாட்டுக் கேம்களுக்கு மரம், கார், கட்டடம் வரைந்து அனுப்புவார்கள். கதை அங்கிருந்து வரும். சினிமாவை வைத்து இங்கே கேம் செய்தால் அது செல்போனில் பத்து நிமிடம் தட்டிவிட்டு மறக்கிற சமாச்சாரம். அதை விட்டு, முழு நீளத்துக்கு, பி.சி.யில் ஓடும் முப்பரிமாண கேம் என்று இறங்குவது சாதாரண விஷயமல்ல. 'இந்தியாவின் முதல் உண்மையான 3டி பி.சி. கேம்' என்று விளம்பரமும் செய்தார்கள். விலை 14.99 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 700 ரூபாய்க்கு மேல். நடைபாதையில் திருட்டு சி.டி. விற்றுக்கொண்டிருந்த நாட்டில் இந்த விலைக்கே தனித் தைரியம் வேண்டும்.

இதைவிடப் பெரிய பலம் கதையில் இருந்தது. நாயகனுக்கு 15 நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் தங்காது. போலராய்டு போட்டோ எடுத்துப் பின்னால் எழுதிக்கொள்கிறான். முக்கியமானதை உடம்பிலேயே பச்சை குத்திக்கொள்கிறான். கிறிஸ்டோபர் நோலனின் 'மெமன்டோ' 2000இல் காட்டிய வழி இது. அட்வெஞ்சர் கேம் எனப்படும் வகைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். அந்தக் கேம்களில் ஆடுபவரின் நிலையும் அதுதானே? தெரியாத அறையில் விழித்தெழுகிறார். மேஜையைத் துழாவி, துண்டுக் காகிதம் சேர்த்து, இது எதற்கு அது எதற்கு என்று குழம்பிக் குறிப்பெழுதுகிறார். ஞாபகமில்லாதவன் ஒருவன் துப்பறிகிறான் என்றால் பாதி கேம் தானாகவே தயார்.

மீதிப் பாதியில்தான் கோட்டை விட்டார்கள். கேமில் 5 கட்டங்கள். அடிதடி, ஆயுதம், மறுபடி அடிதடி. ஆடுபவர் ஆமிர்கானின் புஜபலத்தை இயக்குகிறார். மூளைக்கு வேலை குறைவு. நாயகன் எல்லாவற்றையும் மறந்துவிடலாம், மவுஸைப் பிடித்திருப்பவர் எதையும் மறப்பதில்லை. வாங்குகிறவர் படத்தை ஏற்கெனவே பார்த்தவர் வேறு. மறதி என்பது இருவருக்கும் பொதுவாக இருந்தால்தான் பயம் வரும். 15 நிமிடத்துக்கொரு முறை சேகரித்த குறிப்புகள் கலைந்துபோயிருந்தால்? எந்தப் போட்டோவின் பின்னால் எதை எழுதுவது என்று ஆடுபவரே முடிவு செய்து, தான் எழுதியதையே பிறகு சந்தேகிக்க வேண்டி வந்திருந்தால்?

இன்னொன்று. இந்தக் கதையில் உண்மையில் துப்பறிபவர் நாயகனே அல்ல. ஒரு மருத்துவ மாணவி. தமிழில் நயன்தாரா, இந்தியில் ஜியா கான். படம் பார்த்தவர்கள் பலர் அந்தப் பாத்திரத்தைப் பாட்டுக்கு வந்தவராக மறந்திருப்பார்கள். ஆனால் ஒன்றும் தெரியாமல் நுழைந்து, டைரியைப் படித்து, யாரை நம்புவது என்று தடுமாறி, கடைசியில் நடந்ததைக் கோத்துப் பார்ப்பது அவர்தான். ஆடுபவரை அவர் இடத்தில் உட்கார வைத்திருந்தால் தலைப்பு செய்த தவறைக்கூட மன்னித்திருக்கலாம். அறைக் கதவுக்கு வெளியே நிற்பவன் இன்று எதை நினைவில் வைத்திருக்கிறான் என்று தெரியாமல் டைரி படிப்பது, 50 ரவுடிகளை அடிப்பதைவிட வியர்க்க வைக்கும்.

ஹைதராபாத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோடிகள் கொட்டி 2011இல் வந்த 'எல்.ஏ. நோயர்' 32 கேமராக்களால் நடிகர்களின் முகத்தைப் படம்பிடித்து, சாட்சி பொய் சொல்கிறாரா என்று கண்ணசைவில் கண்டுபிடிக்கச் சொன்னது. அற்புதமான யோசனை. அதுவும் நடுநடுவே நம்பிக்கை இழந்து கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காரில் துரத்தச் சொல்கிறது. மாறாக, 1983இல் ஜப்பானின் யுஜி ஹொரி செய்த 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' சாதாரணப் படங்களையும் எழுத்துகளையும் மட்டும் வைத்து ஆட்களை விசாரிக்கச் சொன்னது. (கொலையாளி யார் என்பதை 40 ஆண்டுகள் கழித்தும் இங்கே சொல்வது நாகரிகமல்ல.) லூகாஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' 2018இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக ஓர் ஆளற்ற கப்பலில் ஏறி, 60 பேருக்கு என்ன ஆனது என்று கண்டறிய வேண்டும். அந்த 60 பேரில் இந்திய மாலுமிகளும் உண்டு. பெரும்பாலும் மூன்று பேரின் முடிவைச் சரியாகச் சொன்னால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிக்க முடியாது. அடிதடி ஒன்றுகூடக் கிடையாது.

2016இல் தெலங்கானா அரசு கேமிங், அனிமேஷன் துறைகளுக்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. நாட்டின் கேம் தயாரிப்பாளர்கள் கூடும் மாநாடும் ஹைதராபாத்தில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. திறமைக்குக் குறைவில்லை. கதைக்கும் பஞ்சமில்லை, கணேஷ்-வசந்தையும் விவேக்-ரூபலாவையும் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கொலையை எப்படி மெல்ல அவிழ்ப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

'கஜினி'யில் இறந்துபோனவளின் பெயர் கல்பனா. கடத்தப்பட்ட சிறுமிகளை ரயிலில் பார்த்து, பேசாமல் இருக்க முடியாமல் காப்பாற்றியதற்காகக் கொல்லப்பட்டவள். கேமில் அவள் மரணம் அடுத்த சண்டைக்கு ஒரு சாக்கு. அந்தச் சிறுமிகளை ரயிலில் ஏற்றியது யார், டிக்கெட் எடுத்தது யார், கல்பனாவின் முகவரி கொலையாளிக்கு எப்படிக் கிடைத்தது? இதில் ஒன்றையாவது ஆடுபவரிடம் கேட்டிருக்கலாம்.